40 பக்க நோட்டு

மூன்று வருஷத்துக்கு முன்னால் என் எடை 84 கிலோ. உயரம் 158 சென்டிமீட்டர், வயது 43. கிண்டியில் எங்கள் ஆபீஸில் நடந்த மருத்துவ முகாமில் மூன்று மாத சர்க்கரை சராசரி (HbA1c) 6.1 சதவீதம் என்று வந்தது. 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். அதற்கு முன்பே இரண்டு தடவை எடை குறைத்திருக்கிறேன். மாவுச்சத்தைக் குறைக்கும் பேலியோ டயட்டில் 9 கிலோ, ஜிம்மில் 6 கிலோ. இரண்டும் ஒரு வருஷத்துக்குள் வட்டியோடு திரும்பி வந்தன. ஒரு டாக்டர், "வாயைக் கட்டணும்மா, வேற வழியே இல்ல" என்று இரண்டு நிமிஷத்தில் அனுப்பிவிட்டார். எனக்கு மன உறுதி கிடையாது என்று நானும் நம்பிவிட்டேன்.

தோழி ஒருத்தி சொல்லித்தான் நடத்தை சிகிச்சை தரும் ஒரு சைக்காலஜிஸ்ட்டிடம் போனேன். போகும்போது கொஞ்சம் கூச்சம்தான். எனக்கு மனசில் வியாதி எதுவும் இல்லையே என்று. அவர் டயட் சார்ட் எதுவும் தரவில்லை. "ரெண்டு வாரத்துக்கு எதையும் மாத்தாதீங்க. எப்பவும் போலச் சாப்பிடுங்க. ஆனா எழுதுங்க" என்றார். என்ன சாப்பிட்டேன், எவ்வளவு, எத்தனை மணிக்கு, எங்கே, யாரோடு, அப்போது மனசு எப்படி இருந்தது. பையனின் 40 பக்க நோட்டு ஒன்றை எடுத்துக் கோடு போட்டுக்கொண்டேன்.

அந்த நோட்டு காட்டிக்கொடுத்ததை எந்த ரத்தப் பரிசோதனையும் காட்டியிருக்காது. மூன்று வேளைச் சாப்பாட்டில் பெரிய தப்பு ஒன்றும் இல்லை. பழவந்தாங்கல் ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்கு வர ஆறரை ஆகும். தோளில் இருந்து பையைக்கூட இறக்காமல், சமையலறையில் நின்றபடியே மிக்சர் டப்பாவைத் திறந்திருக்கிறேன். 14 நாளில் 11 நாள். மனநிலைக் கட்டத்தில் பசி என்று எழுதியது இரண்டே நாள்தான். மற்ற நாளெல்லாம் 'அலுப்பு', 'மேனேஜர்', 'தலைவலி'. அப்புறம் இன்னொன்று: பையன் தட்டில் மிச்சம் வைக்கும் தோசை, அடியில் ஒட்டியிருக்கும் தயிர் சாதம். வீணாகிறதே என்று வழித்து வாயில் போட்டது நோட்டில் எழுதும் வரைக்கும் என் கணக்கிலேயே இருந்ததில்லை.

இதைப் படித்துவிட்டு அவர் என்னைத் திட்டவில்லை. "ஆறரை மணிக்கு உங்களால முடியாதுன்னு தெரியுதுல்ல? அப்ப அந்த நேரத்துல உறுதியா இருக்கணும்னு எதிர்பார்க்காதீங்க. ஏற்பாட்டை மாத்துங்க" என்றார். சிகிச்சையில் பாதி இந்த ஏற்பாடுதான். மிக்சர் டப்பா பரணுக்குப் போனது. ஐந்து மணிக்கு ஆபீஸிலேயே ஒரு கிண்ணம் சுண்டலோ, வாழைப்பழமும் மோருமோ. உட்காராமல், தட்டில் போடாமல் எதுவும் வாயில் வைப்பதில்லை. டிவிக்கு முன்னால் சாப்பாடு இல்லை. ஸ்டேஷனில் இருந்து பஜ்ஜிக் கடை இல்லாத தெரு வழியாக வீட்டுக்கு நடை. பையனுக்கு முதலில் ஒரே தோசை, வேண்டுமென்றால் அடுத்தது. கேட்டால் அற்பமாகத் தெரியும். எனக்கு முதல் மாதத்திலேயே 2 கிலோ இதிலேயே குறைந்தது.

இலக்கும் நான் நினைத்த மாதிரி இல்லை. 60 கிலோவுக்கு வர வேண்டும் என்றுதான் கேட்டேன். அவர் 6 கிலோ என்றார், ஆறு மாதத்தில். அமெரிக்காவில் 2002-ல் வெளியான பெரிய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் இலக்கே உடல் எடையில் 7 சதவீதமும் வாரத்துக்கு 150 நிமிஷ நடையும்தானாம். அந்த வழியில் போனவர்களுக்குச் சர்க்கரை வருவது 58 சதவீதம் குறைந்தது. நம் சென்னையிலேயே டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்விலும் உணவும் நடையும் மட்டுமே 28.5 சதவீதம் குறைத்திருக்கின்றன. 84-ல் 7 சதவீதம் கிட்டத்தட்ட 6 கிலோ. சரி, இது முடியும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. வாரம் ஐந்து நாள், அரை மணி நேரம். மழைக்காலத்தில் நங்கநல்லூர் தெருக்களில் தண்ணீர் நின்றால் வீட்டுக்குள்ளேயே ஹாலில் இருந்து பால்கனி வரை.

வீட்டில் கஷ்டம் அத்தையோடு. அவர் அன்பைக் காட்டும் வழியே இன்னொரு கரண்டி சாதம்தான். வேண்டாம் என்றால் முகம் வாடிவிடும். அதையும் சைக்காலஜிஸ்ட் எதிரில் உட்கார்ந்து பேசிப் பழகினேன். "அத்தை, சாம்பார் பிரமாதம். நாளைக்கு டப்பாவுல எடுத்துட்டுப் போறேன்." ஒரு மாதம் ஆனது. இப்போது அவரே எனக்கு முதலில் காய் வைத்துவிட்டு அப்புறம் சாதம் வைக்கிறார்.

ஆறாவது மாதம் 77.5 கிலோ. அந்த வருஷ தீபாவளியில் ஒரு அதிரசம் சாப்பிட்டேன். உடனே, 'எல்லாம் போச்சு, இனி என்ன' என்ற பழைய எண்ணம் வந்தது. ஐந்து நாள் நோட்டையே தொடவில்லை. பேலியோவும் ஜிம்மும் நின்றுபோனது இதே இடத்தில்தான். அழுதுகொண்டே போய்ச் சொன்னேன். "ஒரு அதிரசம் சறுக்கல். அதுக்கு அப்புறம் வந்த அஞ்சு நாளுக்குக் காரணம் அதிரசம் இல்ல, 'எல்லாம் போச்சு'ங்கற அந்த வார்த்தை" என்றார். அந்த வார்த்தையை நோட்டில் எழுதச் சொல்லி, எது போச்சு, எவ்வளவு போச்சு என்று பக்கத்திலேயே கணக்கும் போடச் சொன்னார். எடை கூடியது 700 கிராம். அவ்வளவுதான் போயிருந்தது.

அன்றைக்கு அவர் சொன்ன இன்னொரு விஷயத்தை யாராவது எனக்குப் பத்து வருஷம் முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா என்று இன்னும் ஆதங்கம். எடை குறைந்ததும் உடம்பு சும்மா இருக்காது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடுகிறது, போதும் என்று சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைகிறது. மெல்பர்னில் நடந்து 2011-ல் வெளியான ஓர் ஆய்வில் ஒரு வருஷம் கழித்தும் அந்த மாற்றம் சரியாகவில்லை. அத்தனை வருஷமும் நான் சோம்பேறி என்று நினைத்தது என் உடம்பு செய்த வேலை. அதனால்தான் எடை குறைந்த பிறகும் போவதை நிறுத்தக் கூடாது என்றார். முதல் நான்கு மாதம் வாரா வாரம், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, இப்போது மாதம் ஒரு முறை. செலவுதான். இரண்டாம் வருஷம் நிறுத்தலாமா என்று யோசித்தேன். நிறுத்தாமல் இருந்தது நல்லதாயிற்று.

இப்போது சர்க்கரை சராசரி 5.6. எடை 75-க்கும் 76-க்கும் நடுவில் நின்றது. ஞாயிறு காலை எடை பார்ப்பேன். 77-ஐத் தாண்டினால் நோட்டைத் திறக்க வேண்டும் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். போன மாதம் 77.8 காட்டியது. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று வாரம். புது நோட்டு வாங்கி எழுதினேன். நான்காம் நாளே தெரிந்துவிட்டது: இரவு பதினொரு மணி, வராந்தா நாற்காலி, பிஸ்கட் பாக்கெட், மனநிலைக் கட்டத்தில் 'பயம்'. அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். பதினொரு மணிக்கு இப்போது தம்பிக்கு போன் செய்கிறேன். நேற்று 77.1.