மூன்று பேர், எட்டு இரவுகள்

ஜெர்சி சிட்டிக்குக் குடிவந்த புதிதில் சமைக்கும்போதெல்லாம் ரேடியோ ஓடிக்கொண்டிருக்கும். 91.1-இல் டபிள்யூஎஃப்எம்யூ. விளம்பரமே கிடையாது, நேயர்கள் தரும் பணத்தில் நடக்கும் நிலையம். ஒரு நாள் அதற்காக நிதி திரட்டிக்கொண்டிருந்தார்கள். பணம் தருகிறவர் யாருடைய பாட்டைக் கேட்டாலும், ஒரு பேண்ட் ஒத்திகை இல்லாமல் அங்கேயே வாசித்தது. பாதியில் வரி மறந்துபோகும், கிதாரில் கார்டு தப்பும், ஆனாலும் மூன்று பேரும் எப்படியோ அடுத்த வரியில் ஒன்றாகப் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். யோ லா டெங்கோ என்ற பெயரை அன்றுதான் முதன்முதலில் கேட்டேன்.

ஹட்சன் ஆற்றங்கரையில் பக்கத்து ஊரான ஹோபோக்கனில் 1984-இல் தொடங்கியவர்கள். ஐரா கப்லன் கிதார், ஜார்ஜியா ஹப்ளி டிரம்ஸ். கணவன் மனைவி. பெயர் பேஸ்பாலிலிருந்து வந்தது. 1962-இல் நியூயார்க் மெட்ஸ் அணியில் ஸ்பானிஷ் மட்டுமே பேசும் ஓர் ஆட்டக்காரருடன் மோதிக்கொள்ளாமல் இருக்க, ரிச்சி ஆஷ்பர்ன் 'யோ லா டெங்கோ', அதாவது 'பந்து என்னுடையது' என்று கத்தக் கற்றுக்கொண்டாராம். ஸ்பானிஷ் பேசுபவர் ஒதுங்கிக்கொண்டார். ஆனால் அந்தச் சொல் தெரியாத இன்னொரு சக வீரர் ஓடிவந்து ஆஷ்பர்ன்மேல் மோதிவிட்டார்!

ஆரம்ப வருடங்களில் பேஸ் கிதார் வாசிப்பவர் மாறிக்கொண்டே இருந்தார். 1992-இல் ஜேம்ஸ் மெக்நியூ வந்தார், அதற்கப்புறம் ஆள் மாறவேயில்லை. என்னைக் கேட்டால், 1993-இல் மாடடோர் லேபிளில் வந்த 'பெயின்ஃபுல்' ஆல்பத்தில்தான் இவர்களுக்குத் தங்கள் குரல் கிடைத்தது. கத்தத் தேவையில்லை என்று அதில் தெரிந்துகொண்டார்கள். கிதார் இரைச்சல் கூரையைத் தொடும்போதும் ஜார்ஜியா பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற மாதிரிதான் பாடுவார்.

2001-இல் யூதர்களின் ஹனுக்கா பண்டிகையின் எட்டு இரவுகளும் ஹோபோக்கனில் மேக்ஸ்வெல்ஸ் என்ற இசை கிளப்பில் வாசிக்க ஆரம்பித்தார்கள். தினமும் வேறு பாட்டுகள், தங்களுக்கு முன்னால் மேடையேறி வாசிக்கப்போவது யார் என்று சொல்லமாட்டார்கள், வசூல் நற்பணிகளுக்கு. 2008 டிசம்பரில் ஓர் இரவு போனேன். இருநூறு பேர் நின்றாலே நிறைந்துவிடும் பின்னறை. நான் நின்ற இடத்திலிருந்து ஜார்ஜியாவின் கை தெரிந்தது. பிரஷ்ஷால் அடிக்கவில்லை, அரிசி களைகிற மாதிரி டிரம்மின் தோல்மேல் வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஜேம்ஸ் அதே சில சுரங்களை மாற்றாமல் பேஸில் வாசித்துக்கொண்டே இருந்தார். ஐரா எங்களுக்கு முதுகு காட்டி ஆம்ப்ளிஃபையர் முன் கிதாரை ஓர் அங்குலம் நகர்த்துவார், ஊளைச் சத்தத்தின் சுருதி மாறும். மறுபடி ஓர் அங்குலம். பத்து நிமிடம் இப்படிப் போயிருக்கும். ஜார்ஜியா தலையை நிமிர்த்தினார், அவ்வளவுதான், மூன்று பேரும் ஒரே நொடியில் நின்றார்கள்.

2013-இல் மேக்ஸ்வெல்ஸ் மூடிவிட்டது. அன்று எனக்கு ஒரு சொந்தக்காரர் வீடு போன மாதிரி இருந்தது. 2017-இல் எட்டு இரவுகளும் ஆற்றைத் தாண்டி மன்ஹாட்டனில் பவரி பால்ரூம் அரங்குக்குப் போய்விட்டன.

2023-இல் வந்த 'திஸ் ஸ்டூபிட் வேர்ல்ட்' ஆல்பத்துக்கு வெளியிலிருந்து தயாரிப்பாளர் யாரும் இல்லை, எல்லாம் அவர்களே. அதில் முதல் பாட்டின் பெயரில் சினாட்ரா டிரைவ் வருகிறது, ஹோபோக்கனில் ஆற்றை ஒட்டிப் போகும் சாலை. வேலை முடிந்து சில நாள் அங்கே நடக்கும்போது அதைத்தான் போட்டுக்கொள்வேன். ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடும். எதிர்க்கரையில் விளக்குகள் எரியத் தொடங்கியிருக்கும், காதில் ஜேம்ஸின் பேஸ் நகராமல் அங்கேயே நிற்கும்.