ஆறடிக் கயிறு

மே 4, ஞாயிறு
வட கலிபோர்னியாவின் ரெட்வுட் காட்டில் இருக்கும் எல்க் ப்ரேரி முகாமில் ஜூன் முழுக்க இடம் இல்லை. ஜெடடையா ஸ்மித்திலும் இல்லை. கலிபோர்னியா மாநிலப் பூங்காக்களுக்கு ஆறு மாதம் முன்னாலேயே பதிவு திறந்துவிடுகிறது. காலை எட்டு மணிக்குத் திறந்தால் நல்ல இடங்கள் உடனே போய்விடும். இப்படி ஒரு பயணம் வேண்டியிருக்கும் என்று டிசம்பரில் யாருக்குத் தெரியும்? டிசம்பரில் எங்கள் நாய் மணி மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தான்.

மே 5, திங்கள்
யாராவது ரத்து செய்தார்களா என்று ஏழு முறை பார்த்துவிட்டேன்.

மே 7, புதன்
விதிகளை முழுதாகப் படித்தேன். ரெட்வுட் தேசியப் பூங்காவிலும் அதோடு சேர்ந்த மாநிலப் பூங்காக்களிலும் நடைபாதை எதிலும் நாய்க்கு அனுமதி இல்லை. முகாம், உணவு மேசைகள் இருக்கும் இடம், சாலையோரம், சில கடற்கரைகள், அவ்வளவுதான். மனசு விட்டுப்போச்சு. அப்புறம் கீழே இரண்டு வரி: வாக்கர் ரோடு, கால்-பேரல் ரோடு. இரண்டுமே பெருமரங்களுக்கு நடுவே போகிற மண் சாலைகள். அங்கே நாயை நடத்திக்கொண்டு போகலாம். கால்-பேரல், எல்க் ப்ரேரி முகாமுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

கயிறு ஆறடிக்கு மேல் இருக்கக் கூடாது. எங்கே பார்த்தாலும் அதே ஆறடி. அந்தச் சொல்லே இப்போது பிடிக்கவில்லை.

மே 8, வியாழன்
அம்மாவிடம் போனில் "செம்மரக் காட்டுக்குப் போறோம்" என்றேன். "ஐயோ, அது வெட்டிக் கடத்துற மரமாச்சே, போலீஸ் பிடிக்கப்போறான்டி" என்றாள். திருப்பதிப் பக்கத்துச் செம்மரம் வேறு, இந்த ரெட்வுட் வேறு என்று புரியவைக்கப் பத்து நிமிஷம் ஆனது. முந்நூறு அடிக்கு மேல் வளரும், இரண்டாயிரம் வருஷம் நிற்கும் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "மணிக்கு எப்படிடி இருக்கு?"

மே 10, சனி
ஏரி. அவனுக்குத் தண்ணீர் வேண்டும். குட்டியாக இருந்தபோது பார்த்த குட்டையில் எல்லாம் இறங்குவான். போகும் வழியில் க்ளியர் லேக்கில் ஒரு இரவு தங்கலாம் என்றுதான் முதலில் நினைத்திருந்தோம். வேண்டாம் என்று இன்று முடிவு செய்தேன். வெயில் ஏற ஏற அங்கே நீலப்பச்சைப் பாசி படரும். அதில் இருக்கும் நஞ்சு சில மணி நேரத்திலேயே நாயைக் கொன்றுவிடும். குடிக்கக்கூட வேண்டாம், நீந்திவிட்டு வந்து ரோமத்தை நக்கினாலே போதும். ஈல் ஆற்றின் தெற்குக் கிளையில் அப்படி நாய்கள் செத்திருக்கின்றன.

ஓரிக் என்ற ஊருக்குத் தெற்கே ஃப்ரெஷ்வாட்டர் லகூன் இருக்கிறது. ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கடல், நடுவே 101 நெடுஞ்சாலை. கரை சாலையை ஒட்டியே இருப்பதால் அவன் அதிகம் நடக்க வேண்டியதில்லை. படத்தை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மே 11, ஞாயிறு
இன்றைக்கு ஒன்றும் சாப்பிடவில்லை.

மே 12, திங்கள்
தயிர்சாதம், நாலு வாய். அதற்கே இவர் சாமி விளக்கை ஏற்றினார்.

அந்தக் காட்டில் ஒரு பருக்கைகூடக் கீழே விடக் கூடாதாம். மார்பிள்ட் மரலெட் என்று ஒரு கடற்பறவை. கடலில் மீன் பிடித்துவிட்டு, முட்டையிட மட்டும் இந்த முதுமரங்களின் உச்சிக்கு வருகிறது. கூடு கட்டுவதில்லை, பாசி படர்ந்த கிளையில் ஒரே ஒரு முட்டை. நாம் சிந்தும் சோற்றுக்கு ஜே பறவைகளும் அண்டங்காக்கைகளும் கூடும். கூடினால் அந்த முட்டையும் போகும். அதனால் மணிக்கு மேசைக்குக் கீழே தட்டு வைப்பது இல்லை. நான் கையால் ஊட்டிவிடுகிறேன். இப்போதும் அப்படித்தானே.

மே 14, புதன்
கிடைத்துவிட்டது! காலை 6.20க்குப் பார்த்தபோது ஒரு இடம் திறந்திருந்தது. எல்க் ப்ரேரி, மே 27 முதல் 30 வரை. கை நடுங்கி அட்டை எண்ணை இரண்டு முறை தப்பாக அடித்தேன்.

மே 17, சனி
நேற்று இரவு தூக்கம் இல்லை. மீன்தான் காரணம்.

சால்மன், ட்ரௌட் இரண்டிலும் ஒரு தட்டைப்புழு இருக்கிறது. அந்தப் புழுவுக்குள் ஒரு பாக்டீரியா. முதலில் ஆற்று நத்தைக்குள் வளரும் புழு, அங்கிருந்து மீனுக்குப் போகிறது. பச்சை மீனை நாய் தின்றால் ஏறக்குறைய ஒரு வாரத்தில் காய்ச்சல், வாந்தி, கழுத்துக் கட்டிகள். சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலும் பிழைக்காது. மனிதருக்கு இந்த நோய் வருவதில்லை. பூனைக்கும் வருவதில்லை. நாய்க்கும் நாய் இன விலங்குகளுக்கும் மட்டும். வட கலிபோர்னியாவிலிருந்து வடக்கே கடலோரத்தில் இது உண்டு.

ஃப்ரெஷ்வாட்டர் லகூனில் ட்ரௌட் பிடிப்பார்கள். கரையில் மீன்குடல் கிடக்கும். மணி சோற்றை முகர்ந்து விட்டுவிடுகிறவன், ஆனால் நாற்றம் அடிக்கும் எதையும் விடமாட்டான். அப்படியே தின்றுவிட்டால், அது எந்த நோயின் வாந்தி, எந்த நோயின் கட்டி என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பேன்?

வாய்க்கூடை போடலாம் என்கிறார் இவர். அவன் தண்ணீரைப் பார்க்கப் போவதே ஒரு முறை. அதையும் வாயைக் கட்டிக்கொண்டா? முதலில் நான் இறங்கி இருபது அடி கரையைத் துப்புரவாகப் பார்ப்பேன். அப்புறம்தான் அவனைக் காரிலிருந்து இறக்குவது. கயிறு ஆறடி வேண்டாம், மூன்றடி போதும்.

மே 20, செவ்வாய்
காரில் ஏறச் சாய்பலகை வந்துவிட்டது. வரவேற்பறையில் போட்டுப் பழக்குகிறோம். மூன்றாவது தடவை தானாக ஏறினான்.

இந்தப் பருவத்தில் எல்க் மான்கள் கன்று போடும். கன்றோடு நிற்கும் தாய் நாயைக் கண்டால் ஓநாயைக் கண்ட மாதிரி பாயுமாம். புல்வெளிப் பக்கம் போக வேண்டாம். மழை இல்லாவிட்டாலும் மூடுபனி இலைகளில் தங்கிச் சொட்டும், கோடையில் அந்த மரங்கள் குடிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு அதுதான். மரத்துக்கு நல்லது. அவன் மூட்டுக்கு ஆகாது. தடிமனான மெத்தை, மேலே என் பழைய சால்வை.

மே 23, வெள்ளி
வயிற்றில் உள்ளங்கை அளவுக்கு ரோமத்தை மழித்து ஊசியால் பரிசோதனைக்கு மாதிரி எடுத்தார்கள். முடிவு புதன் அல்லது வியாழன் வருமாம். செவ்வாய்க்கிழமை தண்ணீரில் இறங்கலாமா என்று கேட்டேன். கால் நனையலாம், வயிறு வேண்டாம் என்றார் மருத்துவர்.

கால் நனையலாம்.

மே 25, ஞாயிறு
முகாம் இருக்கும் ப்ரேரி க்ரீக்கில் செல்போன் எடுக்காது. மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டால் எங்களுக்குத் தெரியாது. இவர் தினமும் ஒரு முறை தெற்கே வண்டியை விட்டுப் போய் சிக்னல் பார்த்து வருகிறேன் என்றார். நான் வேண்டாம் என்றேன். சண்டை. மணி எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டான்.

மே 26, திங்கள்
பெட்டியில்: ரேபிஸ் சான்று, மாத்திரை, இரண்டு கயிறு, உண்ணி எடுக்கும் கொக்கி, துண்டுகள், அரிசி, சின்ன குக்கர். குடிக்க வீட்டுத் தண்ணீர் இருபது லிட்டர். அடுப்பு விறகை மட்டும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம், இங்கிருந்து கொண்டுபோனால் பூச்சியும் கூடவே வரும்.

அந்தக் காட்டுத் தரை முழுக்க ஒரு செடி. இலையைப் பார்த்தால் அப்படியே நம்ம ஊர்ப் புளியாரை, அதே குடும்பம். பாட்டி வீட்டுக் கிணற்றடியில் பறித்து மென்ற புளிப்பு இப்போதும் நாக்கில் இருக்கிறது. அதன்மேல் மணி படுத்திருப்பதை நினைத்துக்கொண்டே மூட்டை கட்டினேன்.

போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். இவர் பதில் சொல்லவில்லை.

மே 27, செவ்வாய், காலை 4.40
சாய்பலகையை இன்னும் விரிக்கவே இல்லை. அவன் வாசலில் நிற்கிறான், கயிற்றை வாயில் கவ்விக்கொண்டு.