ஆண்டனி வைல்டிங்: ஆன்சாக் நாள் முதல் மே 9 வரை

ஏப்ரல் 25, 2025, வெள்ளி

இன்று ஆன்சாக் நாள். விடிவதற்கு முன்பே எழுந்து, கம்பளிச் சட்டையில் சிவப்புப் பாப்பி மலரைக் குத்திக்கொண்டு, மகளுடன் அஞ்சலிக் கூட்டத்திற்குப் போய்வந்தேன். முதல் உலகப் போரின்போது 1915-ஆம் ஆண்டு இதே நாளில் துருக்கியின் கலிப்போலிக் கரையில் இறங்கிய ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படையினரை நினைத்து இருட்டில் நிற்கும் அந்தச் சில நிமிட மௌனம், நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச்சில் குடியேறிய சில ஆண்டுகளிலேயே எனக்குச் சொந்த ஊர் வழக்கம்போல ஆகிவிட்டது. திரும்பும் வழியில், நம் ஊரில் ஒரு டென்னிஸ் மைதானத்திற்குப் பெயர் தந்த வைல்டிங் குடும்பத்தைச் சேர்ந்த ஆண்டனியும் இந்தப் போரில்தான் இறந்தாரா என்று மகள் கேட்டாள். இந்தப் போரில்தான், ஆனால் கலிப்போலியில் அல்ல, அதற்கு இரண்டு வாரம் கழித்துப் பிரான்சில் என்று சொன்னேன்.

அதோடு அவள் கேள்வி முடிந்துவிட்டது. எனக்கு முடியவில்லை. நான்கு முறை தொடர்ந்து விம்பிள்டன் வென்ற ஒருவரைப் பற்றி ஒரு சிறுமிக்கு முதலில் தெரிந்தது அவர் இறந்த செய்தி என்பது மனத்தை உறுத்துகிறது. அவருடைய 31 ஆண்டுகளில் போர் எடுத்துக்கொண்டது ஏழு, எட்டு மாதங்களைத்தான். மட்டை எடுத்துக்கொண்டதோ ஏறக்குறைய மீதி அனைத்தையும். அவர் நினைவு நாளான மே 9 வரை அந்த மீதியைப் பற்றி இங்கே எழுதிவர விரும்புகிறேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஆண்டனி ஃபிரெடெரிக் வைல்டிங் 1883 அக்டோபர் 31 அன்று இதே கிரைஸ்ட்சர்ச்சின் ஓபாவா பகுதியில் பிறந்தார். தந்தை ஃபிரெடெரிக் ஒரு வழக்கறிஞர். தாய் ஜூலியா பியானோக் கலைஞர். இங்கிலாந்தின் ஹெரிஃபோர்ட்ஷயரிலிருந்து 1879-இல் கப்பலேறி வந்தவர்கள். தந்தையே தேர்ந்த விளையாட்டுக்காரர்: இந்த ஊர் அடங்கிய கேன்டர்பரி மாகாணத்தின் அணிக்காகக் கிரிக்கெட் ஆடியவர், நியூசிலாந்தின் இரட்டையர் டென்னிஸ் பட்டத்தைப் பலமுறை வென்றவர். அவர்கள் வாழ்ந்த ஃபவுன்ஹோப் என்ற வீட்டின் தோட்டத்திலேயே டென்னிஸ் ஆடுகளங்கள் இருந்தன, நீச்சல் குளம் இருந்தது. பள்ளிவிட்டு வந்ததும் ஆடுவதற்குத் தந்தையே எதிரில் நிற்பார் என்ற நிலையில் வளர்ந்த பிள்ளை, 17 வயதில் கேன்டர்பரி சாம்பியன்ஷிப்பை வென்றதில் வியப்பில்லை.

தாய் ஜூலியா பிள்ளைகளின் வளர்ச்சியை நாட்குறிப்புகளில் எழுதிவைத்தவர். அவை இங்குள்ள கேன்டர்பரி அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அருங்காட்சியகக் கட்டடம் மறுகட்டுமானத்திற்காக மூடியிருப்பதால் இப்போதைக்கு அந்தப் பக்கம் போக வழியில்லை. வசதியான வீடு, ஆடுகளம், ஆடத் தெரிந்த தந்தை, எழுதிவைத்த தாய் என்று எல்லாம் அமைந்த பையன் என்பதை மறைப்பதில் பொருளில்லை. ஆனால் இவை அனைத்தும் அமைந்த பிள்ளைகள் அன்று வேறு பலரும் இருந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் வைல்டிங் ஆனார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 30, புதன்

நாள் முழுவதும் மழை. மகளின் பயிற்சி இல்லை.

1902-இல் வைல்டிங் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் சட்டம் படிக்கச் சேர்ந்தார். 1904-இல் முதன்முறை விம்பிள்டனில் ஆடி, இரண்டாம் சுற்றிலேயே முன்னாள் சாம்பியன் ஹரல்ட் மஹோனியிடம் தோற்றார். 1907-இல் மீண்டும் இரண்டாம் சுற்றிலேயே வெளியேறினார். அம்முறை ஐந்து செட் வரை போராடித் தோற்றது ஆஸ்திரேலியாவின் நார்மன் புரூக்ஸிடம். புரூக்ஸ் அந்த ஆண்டின் பட்டத்தையும் வென்று, விம்பிள்டன் ஆடவர் ஒற்றையரில் பிரிட்டனுக்கு வெளியிலிருந்து வந்த முதல் சாம்பியன் ஆனார். புரூக்ஸ் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். வைல்டிங்கின் வாழ்க்கையில் அது திரும்பத் திரும்ப வரும்.

மே 3, சனி

மழை விட்டதும் ஹேக்லி பூங்காவுக்கு நடந்து போனோம். ஓக் மரங்களின் இலைகள் பாதிக்குமேல் உதிர்ந்து, ஈரப் புல்லில் ஒட்டிக் கிடந்தன. 1906 டிசம்பரில், இன்று ஆஸ்திரேலிய ஓபன் என்று உலகம் அறிந்திருக்கும் போட்டியின் முன்னோடியான ஆஸ்திரலேசிய சாம்பியன்ஷிப் இந்தப் பூங்காவில்தான் நடந்தது என்று சொன்னபோது மகள் நம்பவில்லை. மெல்போர்னில் நடப்பதை மட்டுமே பார்த்து வளர்ந்தவளுக்கு அது இயல்புதான். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் அக்காலத்தில் டென்னிஸில் ஒரே அணியாக இருந்ததால் போட்டி ஊர் மாறி ஊர் நடந்தது. வைல்டிங் இறுதி ஆட்டத்தில் பிரான்சிஸ் ஃபிஷரை 6-0, 6-4, 6-4 என்று வென்றார். பிறந்த ஊரில், வீட்டார் நடந்தே வந்து பார்க்கக்கூடிய தொலைவில் வென்ற பட்டம் அது. 1909-இல் பெர்த்தில் அதே பட்டத்தை மீண்டும் வென்றார்.

ஆனால் அந்த ஆண்டுகளில் எனக்குப் பெரிதாகப்படுவது 1908 நவம்பரில் மெல்போர்னில் அமெரிக்காவுடன் நடந்த டேவிஸ் கோப்பைச் சவால் சுற்று, அதாவது நாடுகள் அணியாக மோதும் அந்தப் போட்டியில் கோப்பையை வைத்திருக்கும் அணியுடன் நடக்கும் இறுதி மோதல். முதல் நாள் வைல்டிங் பீல்ஸ் ரைட்டிடம் தோற்றிருந்தார். கடைசி நாள், அணியின் தூணாகக் கருதப்பட்ட புரூக்ஸும் முதல் இரண்டு செட்டுகளை வென்றபின் அதே ரைட்டிடம் 12-10 என்று ஐந்தாம் செட்டில் தோற்க, கணக்கு 2-2 ஆனது. கோப்பை யாருக்கு என்பதை முடிவுசெய்யும் கடைசி ஆட்டத்திற்கு, அணியில் இரண்டாம் இடத்தில் வைத்து எண்ணப்பட்ட வைல்டிங் இறங்கினார்; ஃபிரெட் அலெக்சாண்டரை 6-3, 6-4, 6-1 என்று மூன்றே செட்டுகளில் முடித்துவைத்தார். ஒருவரை வலிமையான ஆட்டக்காரர் என்று சொல்வதற்கு இதைவிட நல்ல சான்றை நான் தேடமாட்டேன்.

மே 5, திங்கள்

இன்று நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, விம்பிள்டனுக்கு வந்துவிட்டோம்.

அக்கால விம்பிள்டன் இன்றைய சர்ச் ரோட்டில் அல்ல, வோர்ப்பிள் ரோட்டில் நடந்தது. விதிமுறையும் வேறு. நடப்புச் சாம்பியன் முதல் சுற்றிலிருந்து ஆடத் தேவையில்லை. மற்ற அனைவரும் தமக்குள் மோதி அதில் வெல்பவர் ஒருவர் வந்து அவரைச் சவால் சுற்றில் சந்திப்பார். ஆகவே, வைல்டிங் 1910 முதல் 1913 வரை நான்கு முறை வென்றார் என்று சொல்லும்போது, முதல் ஆண்டு தவிர மற்ற மூன்று ஆண்டுகளிலும் பட்டத்தைக் காத்துக்கொள்ள ஆண்டுக்கு ஓர் ஆட்டம்தான் ஆடினார் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. அதற்குப் பிறகு ஆடவர் ஒற்றையரில் தொடர்ந்து நான்கு முறை வென்றவர் 1979-இல் பியோர்ன் போர்க்தான் என்று பலரும் இருவரையும் ஒரே வரியில் வைக்கிறார்கள். போர்க் ஒவ்வோர் ஆண்டும் ஏழு ஆட்டங்களை வென்று அங்கே வந்தவர்; இருவரையும் சமமாக நிறுத்த எனக்கு மனம் ஒப்பவில்லை. வைல்டிங்மீது எவ்வளவு அன்பு இருந்தாலும் இதைச் சொல்லாமல் விட முடியாது.

ஆனாலும் 1910-ஐ அவரிடமிருந்து யாரும் குறைத்துவிட முடியாது. எல்லாச் சுற்றுகளையும் ஆடி வந்து, சவாலுக்கு முந்தைய இறுதியில் அதே பீல்ஸ் ரைட்டிடம் முதல் இரண்டு செட்டுகளை இழந்தபின் அடுத்த மூன்றையும் வென்றார்; பிறகு 42 வயது நடப்புச் சாம்பியன் ஆர்தர் கோரை நான்கு செட்டுகளில் வென்றார். புகைபிடிக்காமல், மது அருந்தாமல், உடலை ஒரு கருவிபோலப் பேணி வைத்திருந்தவர் என்று அக்காலத்தவர் அவரைப் பற்றிச் சொன்னதன் பொருள் ஐந்தாம் செட்டுகளில்தான் விளங்கும். 1911-இல் வெயில் கொளுத்திய நாளில் ரோப்பர் பாரெட் பந்தை மெதுவாகத் திருப்பித் திருப்பி அனுப்பி அவரைத் திணறவைத்தார். இரண்டு செட்டுக்கு ஒன்று என்று முன்னிலையும் பெற்றார். நான்காம் செட்டை வைல்டிங் வென்றதும், களைத்துப்போன பாரெட் விலகிக்கொண்டார். 1912-இல் மறுபடியும் கோர்.

1913 வேறு வகை. அமெரிக்காவிலிருந்து மாரிஸ் மெக்லாக்லின் வந்திருந்தார். அவருடைய வேகத்தைப் பார்த்து ‘கலிபோர்னியா வால்நட்சத்திரம்’ என்று பெயரிட்டிருந்தார்கள். இடிபோல் இறங்கும் சர்வ், உடனே வலையை நோக்கி ஓட்டம், பந்து தரையில் படுமுன்பே அடிக்கும் ‘வாலி’யில் புள்ளி. பின்கோட்டில் நின்று ஆழமாக அடித்து ஆடும் வைல்டிங்கின் முறை இனி பழங்கணக்கு என்றே பலரும் நினைத்தார்கள். முதல் செட்டில் மெக்லாக்லின் 5-4 என்று முன்னிலையில் இருந்தார். வைல்டிங் பதறவில்லை, எதிராளியின் பேக்ஹேண்ட் (புறங்கை அடி) வலுக் குறைந்தது என்று கண்டு பந்துகளை அங்கேயே திரும்பத் திரும்பச் செலுத்தினார். 8-6, 6-3, 10-8. நேர் செட்டுகள். எண்களைச் சற்று உற்றுப் பார்த்தால் தெரியும், முதலும் கடைசியும் எவ்வளவு நெருக்கமானவை என்று. இன்று மாலை சுவரில் பந்தடித்துக்கொண்டிருந்த மகளிடம் அந்த மூன்றாம் செட்டைச் சொன்னேன். பதினெட்டு கேமா என்று கேட்டுவிட்டு, பேக்ஹேண்ட் பக்கமாகவே இன்னும் நாற்பது முறை அடித்தாள்.

அதே 1913-இல் பாரிஸ் அருகே களிமண் தரையிலும், ஸ்டாக்ஹோமில் கூரைக்குக் கீழ் அமைந்த உள்ளரங்குத் தளத்திலும் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்புகளையும் அவரே வென்றார். புல்தரையின் உலகப் பட்டமாக எண்ணப்பட்ட விம்பிள்டனையும் சேர்த்து, புல், களிமண், கூரைத்தளம் என்று மூன்று உலகப் பட்டங்களும் ஒரே ஆண்டில் ஒரே கையில்.

மே 6, செவ்வாய்

ஒரு சிறு குறிப்பு மட்டும். வைல்டிங்குக்கு மோட்டார் சைக்கிள் மீது தீராத ஆசை. 1908-இல் பிரிட்டனின் ஒரு முனையான லேண்ட்ஸ் எண்டிலிருந்து மறுமுனையான ஜான் ஓ குரோட்ஸ் வரை, வண்டி பழுதாகாமல் ஓடுகிறதா என்று சோதிக்கும் நம்பகத்தன்மைப் போட்டியில் தங்கப் பதக்கம் பெற்றார். 1910-இல் லண்டனிலிருந்து ஜெனிவா ஏரி வரை போய்த் திரும்பி 3,000 மைல் ஓட்டினார். எந்திரங்களை அறிந்த கை என்பதால்தான் பிறகு போரில் அவர் கவச வண்டிகளிடம் போய்ச் சேர்ந்தார் என்று நினைக்கும்போது, இந்த ஆசையைப் பற்றி மகிழ்ச்சியோடு எழுத முடியவில்லை.

மே 8, வியாழன்

1914. புரூக்ஸ் விம்பிள்டனுக்கு மீண்டும் வந்தார். 36 வயது, இடக்கை ஆட்டக்காரர், வைல்டிங்கைவிட ஆறு வயது மூத்தவர். எல்லாச் சுற்றுகளையும் தாண்டி, ஜெர்மனியின் ஓட்டோ ஃபிராய்ட்ஸ்ஹைமை ஐந்து செட்டில் வென்று, சவால் சுற்றில் நண்பரின் எதிரே நின்றார். 6-4, 6-4, 7-5 என்று வைல்டிங் தோற்றார். நேரடியாக ஒரே ஆட்டத்தில் இறங்குவது நடப்புச் சாம்பியனுக்குச் சாதகம் என்று நினைக்கிறோம்; தொடர்ந்து ஆடிக் கை சூடேறிய ஒருவர் எதிரே வரும்போது அதுவே பாதகமும் ஆகும். அதே விம்பிள்டனில் இருவரும் சேர்ந்து இரட்டையர் பட்டத்தை வென்றார்கள்.

அங்கிருந்து இருவரும் டேவிஸ் கோப்பைக்காக அமெரிக்கா போனார்கள். பிட்ஸ்பர்க்கில் ஜெர்மனியை 5-0 என்று வென்றபோது ஐரோப்பா போருக்குள் விழுந்துகொண்டிருந்தது. தோற்று ஊர் திரும்பிய ஃபிராய்ட்ஸ்ஹைமும் ஆஸ்கர் கிராய்ட்சரும் வழியில் கப்பலிலேயே பிரிட்டிஷாரால் பிடிபட்டுச் சிறைவைக்கப்பட்டார்கள். சில நாட்களுக்கு முன் வலையின் மறுபுறம் நின்று கைகுலுக்கியவர்கள்! பிரிட்டன் போரில் இறங்கிய பின்னர், ஆகஸ்டு நடுவில், ஃபாரஸ்ட் ஹில்ஸில் அமெரிக்காவை 3-2 என்று வென்று கோப்பையைக் கைப்பற்றினார்கள். டைட்டானிக் கப்பலிலிருந்து உயிர்தப்பிய நாரிஸ் வில்லியம்ஸை வைல்டிங் நேர் செட்டுகளில் வென்றார், மெக்லாக்லினிடம் தோற்றார். அவர் ஆடிய கடைசி டேவிஸ் கோப்பை அதுதான்.

மே 9, வெள்ளி

1914 அக்டோபரில் வைல்டிங் பிரிட்டனின் ராயல் மரைன்ஸ் படையில் சேர்ந்தார். பிறகு கவச வண்டிப் பிரிவில் பீரங்கிக் குழுவொன்றுக்குப் பொறுப்பேற்றார். மே 8 அன்று எழுதிய கடிதத்தில், ஏழரை மாதங்களில் முதன்முறையாகத் தானும் பீரங்கியும் குழுவும் மொத்தமாகத் தகர்ந்துபோகக்கூடிய ஒரு வேலை கைக்கு வந்திருக்கிறது என்றும், அது வெற்றிபெற்றால் காலாட்படைக்குப் பெரும் உதவியாக இருக்கும் என்றும் சொல்லியிருந்தார். மறுநாள், 1915 மே 9, ஞாயிற்றுக்கிழமை மாலை, நவ்-ஷபெல் அருகே ஓபர்ஸ் முகட்டுச் சண்டையின்போது, அவர் இருந்த பதுங்குகுழியின் மேல் குண்டு விழுந்தது. வயது 31. அவர் கல்லறை பிரான்சின் ரிஷ்பூர்-லாவுவேயில் இருக்கிறது.

காலையில் மகளைப் பள்ளியில் விட்டபின் ஹேக்லி பூங்கா வழியாகவே வந்தேன். நியூசிலாந்தில் அவருக்குப் பிறகு ஒற்றையரில் அத்தகைய பெரும் பட்டம் வென்றவர் இன்றுவரை ஒருவரும் இல்லை. 1983-இல் கிறிஸ் லூயிஸ் விம்பிள்டன் இறுதிவரை வந்தார், அவ்வளவே.

நான்கு ஆண்டுகள் விம்பிள்டன் நடக்கவில்லை. 1919-இல் அது மீண்டும் தொடங்கியபோது, பட்டம் யார் கையில் இருந்ததோ அவர்தான் சவால் சுற்றில் நிற்க வேண்டும் என்ற விதி அப்படியே இருந்தது. ஆகவே 41 வயதில் புரூக்ஸ் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து, 1914-இல் வைல்டிங்கிடமிருந்து பெற்ற பட்டத்தைக் காக்க அதே வோர்ப்பிள் ரோட்டு ஆடுகளத்தில் இறங்கினார். தன் நாட்டு இளைஞர் ஜெரால்ட் பேட்டர்சனிடம் நேர் செட்டுகளில் தோற்று, அதை அவரிடம் ஒப்படைத்தார்.