கேட்டுட்டுச் சொல்றேன்

"ஹெச்ஆர்ல கேட்டுட்டுச் சொல்றேன்ப்பா" என்று சொன்னேன். கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் அவனே என் சீட்டுக்கு வந்து, "பரவாயில்லண்ணா, வேற வீடு பாத்துக்கறேன்" என்றான். அதில் கோபம் இருந்திருந்தால் எப்போதோ மறந்திருப்பேன்.

2018 அக்டோபர். அவன் டோக்கியோவுக்கு ஆன்சைட் வந்து பத்து நாள் ஆகியிருந்தது. கம்பெனி போட்டுக்கொடுத்த ஹோட்டல் இன்னும் நாலு நாளைக்குத்தான். அங்கே வீடு தேடியவர்களுக்கு இந்தச் சிக்கல் தெரியும். குடியேறி 14 நாளுக்குள் வார்டு ஆபீஸில் முகவரி பதிய வேண்டும். பதிந்தால்தான் ரெசிடென்ஸ் கார்டின் பின்பக்கத்தில் முகவரி ஏறும். அது ஏறாமல் பேங்க் கணக்கு, மொபைல் நம்பர் எதுவும் நகராது. வீட்டுக்காரரோ முதலில் மொபைல் நம்பரைத்தான் கேட்பார். யாராவது ஒருவர் கைகொடுத்தால்தான் இந்தச் சுற்றுக்குள் நுழையவே முடியும்.

நிஷி கசாயில் அவனுக்கு ஒரு அறை அமைந்தது. நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிற இடம். ஆபீஸ் இருந்த ஓடேமாச்சிக்கு டோசாய் லைன் ரயிலில் நேராகக் கால் மணி நேரம். வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டு மறந்துவிட வேண்டிய 'ரெய்க்கின்' பணமும் அந்த வீட்டுக்குக் கிடையாது. ஜாமீனுக்கு கேரண்டி கம்பெனி, அதன் கட்டணத்தையும் அவனே கட்டத் தயார். விண்ணப்பத்தில் ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி. அதில் என் பெயரை கட்டகானா என்ற ஜப்பானிய எழுத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டு வந்திருந்தான். ஏஜென்ட் எழுதிக் காட்டியதைப் பார்த்து எழுதினானாம். ஒன்றிரண்டு இடத்தில் அழித்துத் திரும்ப எழுதிய தடம் தெரிந்தது. நான் சரி என்று சொன்னதும் பேனாவால் மேலே எழுதிக்கொள்வதாகச் சொன்னான்.

"ஜாமீன் எல்லாம் இல்லண்ணா. அவசரத்துக்குப் பேரும் நம்பரும் மட்டும்தான் கேக்கறாங்க."

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் வாடகை வீட்டுக்கு 'ரென்டாய் ஹோஷோனின்' என்று ஒருவரைக் கேட்பார்கள். குடியிருப்பவர் வாடகை கட்டாவிட்டால் வீட்டுக்காரர் நேராக அவரிடம் வந்து கேட்கலாம். இப்படித் தனி ஆள் கொடுக்கிற ஜாமீனுக்கு உச்சவரம்புத் தொகை எழுதினால்தான் செல்லும் என்ற சட்டம் 2020 ஏப்ரலில்தான் அமலுக்கு வந்தது. நான் சொல்வது அதற்கு முந்தைய காலம். என் அப்பா ஒருவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு, அந்தக் கடனை ஆறு வருடம் அடைத்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். படிக்கத் தெரியாத தாளில் பெயர் ஏற பயந்ததில் என்ன தப்பு?

இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அவன் கேட்டது ஜாமீன் இல்லை. அதை அவன் வாயாலேயே சொன்னான். நான்தான் நம்பவில்லை. நம்பவில்லையா, நம்ப விருப்பமில்லையா?

படிக்கத் தெரியாது என்று சொன்னதுகூட முழு உண்மையா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. அந்தக் கட்டத்தின் மேல் 'கிங்க்யூ ரென்ராக்குசாகி' என்று போட்டிருந்தது. அவசரத் தொடர்பு எண், அவ்வளவுதான். 'கிங்க்யூ', அதாவது அவசரம், என்ற அந்த இரண்டு ஜப்பானிய எழுத்தையும் நான் முன்பே பார்த்திருந்தேன். அதே வருடம் ஜனவரி 5 காலையில், ஆபீஸில் எல்லா மொபைலும் ஒரே நேரத்தில் அலறின. நிலநடுக்க முன்னெச்சரிக்கை. பயந்த அளவுக்கு எதுவும் குலுங்கவில்லை, கணிப்பு தவறிவிட்டது என்று பிறகு சொன்னார்கள். அன்றைக்குத் திரையில் முதலில் நின்றவை அந்த இரண்டு எழுத்துகள்தான். என்ன அர்த்தம் என்று பக்கத்து சீட் ஜப்பானியரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒன்பது மாதம் கழித்து, பென்சிலில் எழுதிய என் பெயருக்கு மேலே அவற்றைப் பார்த்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லையா? எத்தனை முறை அந்த நிமிடத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தாலும் பிடி கிடைக்கவில்லை. தெரிந்துதான் தட்டிக்கழித்தேன் என்றால் அப்பாவின் கதையை நான் இழுத்தது வெறும் சாக்கு.

அவன் நிஷி ஃபுனாபாஷிக்கும் அப்பால் ஒரு ஷேர் ஹவுஸுக்குப் போனான். அங்கிருந்து அதே டோசாய் லைன். கிபாவிலிருந்து மொன்சென் நகாச்சோ வரை காலை நேர நெரிசல் 199 சதவீதம் என்று அரசு கணக்கே சொன்ன தடம் அது. சட்டை கசங்கி வந்து உட்காருவான். நான் தலையைத் திருப்பிக்கொள்வேன். பதினோரு மாதம் நன்றாகவே வேலை செய்தான். வீட்டுப் பேச்சை ஒருமுறைகூட எடுக்கவில்லை. ஊருக்குப் போகும் முன் என் பையனுக்கு ஒரு பொம்மை ரயில் வாங்கி வந்து கொடுத்தான். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஃப்ளைட் எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.

அவன் போன அதே செப்டம்பரில் என் வீட்டு ஒப்பந்தத்துக்கு இரண்டு வருடம் முடிந்தது. புதுப்பிக்கிற தாளோடு பழைய ஒப்பந்தத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 2017இல் நான் வந்திறங்கியபோது எங்கள் கிளையண்ட் மேனேஜர்தான் ஒரு சனிக்கிழமை முழுக்க என்னோடு ஏஜென்ட் கடையில் உட்கார்ந்து எல்லாத் தாளையும் நிரப்பினார். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டது மட்டும்தான் நான். இரண்டாம் பக்கத்தில் அதே கட்டம் இருந்தது. உள்ளே அவர் பெயர், அவர் மொபைல் நம்பர், நீல நிறப் பேனாவில். உறவு என்ற இடத்தில் 'நண்பர்' என்று எழுதியிருந்தார். வந்து ஐந்தாம் நாள் அது. என் பெயரைக்கூட அவர் அப்போது சரியாக உச்சரிக்கப் பழகியிருக்கவில்லை.

அவர் என்னிடம் சொல்லவும் இல்லை, ஹெச்ஆரில் கேட்கவும் இல்லை. அவருக்கு அது சின்ன விஷயம், அந்த மொழி தெரிந்தவருக்கு எதில் ஆபத்து, எதில் இல்லை என்று தெரியும் என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. அது நியாயம்தான். ஆனால் தெரியாதவன் கேட்டாவது தெரிந்துகொண்டிருக்கலாம். அவர் என் பக்கத்து வரிசையில்தான் இருந்தார், எழுந்து போய் அந்தத் தாளைக் காட்டினால் ஒரு நிமிட வேலை.

புதுத் தாளில் அவசரத் தொடர்பு எண்ணில் மாற்றம் உண்டா என்று ஒரு கேள்வி. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நிரப்பலாம் என்று தாளை இரண்டு நாள் பையிலேயே வைத்திருந்தேன். மூன்றாம் நாள் 'மாற்றமில்லை' என்பதில் டிக் போட்டு அனுப்பிவிட்டேன்.