அறுபதுக்குப் பிறகும் பந்தய வேகம்: எதைக் குறைக்கலாம், எதை விடக் கூடாது

ரொபேர் மர்ஷான் 1911-இல் பிரான்சில் பிறந்தவர். 2012-இல், நூறு வயதில், சுவிட்சர்லாந்தின் எய்கிள் நகர டிராக்கில் ஒரு மணி நேரத்தில் 24.25 கி.மீ. சைக்கிள் ஓட்டினார். 2014 ஜனவரியில் பாரிஸை ஒட்டியிருக்கும் சான் கான்தான் ஆன் இவ்லின் வெலோட்ரோமில் (சைக்கிள் பந்தய அரங்கில்) அதே ஒரு மணி நேரத்தில் 26.927 கி.மீ. வயது இரண்டு கூடியது. தூரமும் 11 சதவீதம் கூடியது.

இந்தச் செய்தியைப் பகிர்கிறவர்கள் பெரும்பாலும் "என்ன மனுஷன்!" என்று வியந்து நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் வெரோனிக் பில்லா என்ற உடலியங்கியல் ஆய்வாளரும் அவருடைய குழுவும் இரண்டு சாதனைகளுக்கும் முன்பாக மர்ஷானைச் சோதித்துப் பார்த்து 2017-இல் வெளியிட்ட முடிவுகள், ஐம்பது அறுபது வயதில் பந்தயம் ஓட்டுகிற எவருக்கும் அந்தச் சாதனையைவிடப் பயனுள்ளவை. இடைப்பட்ட காலத்தில் அவர் எடை மாறவில்லை. அதிகபட்ச இதயத் துடிப்பும் 134-இலிருந்து 137, அதாவது கிட்டத்தட்ட அதேதான். உடல் பயன்படுத்தக்கூடிய அதிகபட்ச ஆக்சிஜன் அளவு (வி.ஓ.2 மேக்ஸ்), எடையில் கிலோவுக்கு நிமிடத்துக்கு 31 மில்லிலிட்டரிலிருந்து 35 ஆனது. உச்ச சக்தியோ 90 வாட்டிலிருந்து 125 வாட்டுக்குப் போனது. பெடலை அவரால் சுற்ற முடிந்த அதிகபட்ச வேகம் நிமிடத்துக்கு 69 சுற்றிலிருந்து 90 ஆனது.

கடைசி இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். உச்ச சக்தியை அந்தச் சுற்று வேகத்திலேயே எட்டினார் என்று வைத்துக்கொண்டால், முதல் சோதனையில் கிராங்கில் (பெடலைத் தாங்கும் கம்பியில்) விழுந்த முறுக்கு விசை ஏறக்குறைய 12.5 நியூட்டன் மீட்டர், இரண்டாவதில் 13.3. அழுத்தும் பலம் 6 சதவீதம்தான் கூடியிருக்கிறது; கூடிய சக்தியில் பெரும்பகுதி கால் வேகமாகச் சுழன்றதால் வந்தது. வயதில் முதலில் கழன்று போவது இந்தச் சுழற்சிதான். வேகத் தசை இழைகளை இயக்கும் நரம்புகள் வயதோடு குறைகின்றன. வேலை கொடுக்காவிட்டால் இழைகளும் சுருங்கிவிடும். இதயம் தாங்கினாலும் கால் மந்தமாகிவிடுகிறது.

அவருடைய பயிற்சியும் எளிமையானது. ஆண்டுக்கு 5,000 கி.மீ., வாரக் கணக்கில் நூறு கி.மீ.க்கும் சற்றுக் குறைவு. அதில் 80 சதவீதம் பேசிக்கொண்டே ஓட்டக்கூடிய மெதுவான ஓட்டம். மீதி 20 சதவீதம் உண்மையிலேயே கடினமானது. நடுத்தரமான, "கொஞ்சம் மூச்சு வாங்குது, ஆனா சமாளிக்கலாம்" என்கிற ஓட்டத்துக்கு அந்தத் திட்டத்தில் இடமே இல்லை. வயதானவர்கள் பெரும்பாலும் செய்வது நேர் எதிர். இன்டர்வலை (இடைவெளி விட்டுவிட்டுக் கடினமாக ஓட்டுவதை) விட்டுவிட்டு, தினமும் அதே 40 கி.மீ.யை அதே நடுத்தர வேகத்தில் குழுவோடு ஓட்டுகிறார்கள். அது களைப்பைத் தரும், வேகத்தைத் தராது. ஐம்பதைத் தாண்டியதும் வேகம் விழுவதற்கு வயதைவிட இந்தப் பழக்கமே பெரிய காரணம் என்பது என் உறுதியான கருத்து. குறைக்க வேண்டியது மொத்த கிலோமீட்டரையும், கடினமான நாட்கள் அடுத்தடுத்து வருவதையும். கடினத்தைக் குறைக்கவே கூடாது.

ஏழு நாள் வாரம் என்பது அலுவலகத்துக்கான ஏற்பாடு. அறுபது வயது உடல் அதற்குக் கட்டுப்படத் தேவையில்லை. பத்து நாள் சுற்று நன்றாகப் பொருந்தும்: முதல் நாள் நான்கு நிமிட இன்டர்வல், நான்காம் நாள் ஸ்பிரின்டும் (சில விநாடி முழு வேகப் பாய்ச்சல்) எடைப் பயிற்சியும், ஏழாம் நாள் 12 நிமிடம் வீதம் மூன்று முறை பந்தய வேகத்துக்குச் சற்றுக் கீழே, ஒன்பதாம் நாள் மூன்று மணி நேர நீண்ட ஓட்டம். இடையில் உள்ள நாட்கள் ஓய்வு, அல்லது வெட்கப்படும் அளவுக்கு மெதுவான ஒரு மணி நேரம். எடைப் பயிற்சியைத் தனி நாளில் வைத்தால் ஓய்வு நாள் ஒன்று பறிபோகும். ஸ்பிரின்ட் முடித்த அன்றே செய்துவிடுவது நல்லது. இப்படி இரண்டு சுற்று முடிந்ததும் ஐந்தாறு நாள் பாதி அளவு மட்டும்.

நான்கு நிமிட இன்டர்வலை எப்படிச் செய்வது? இருபது நிமிடம் வார்ம்அப். இளைஞருக்குப் பத்து போதும், அறுபதில் இருபது கட்டாயம். அதன் கடைசியில் அரை நிமிட விரைவு ஓட்டம் மூன்று. பிறகு நான்கு நிமிடம், ஒரு மூச்சில் இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் பேச முடியாத வேகம். இரண்டரை நிமிடம் ஆகும்போது துடிப்பு உங்கள் அதிகபட்சத்தில் 90 சதவீதத்தை ஒட்டி வந்திருக்க வேண்டும். மூன்று நிமிடம் லேசாகச் சுற்றிவிட்டு மீண்டும். மொத்தம் நான்கு முறை. எல்லோரும் சறுக்குவது முதல் முறையில்தான்: கால் புதிதாக இருக்கும், துடிப்பு இன்னும் ஏறியிருக்காது, அதனால் அளவுக்கு மீறி அழுத்திவிடுவார்கள். நான்காவது முறையின் சராசரி வாட், முதல் முறையைவிட 5 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் தொடக்கம் தவறு. அடுத்த முறை 5 சதவீதம் குறைத்துத் தொடங்குங்கள். இன்னொரு அறிகுறி இதைவிட முக்கியம். வழக்கமான வாட்டில் கால் கனக்கிறது, ஆனால் துடிப்பு வழக்கத்தைவிட எட்டுப் பத்து குறைவாகவே நிற்கிறது என்றால் உடல் இன்னும் தேறவில்லை. இரண்டாவது முறையோடு நிறுத்திவிட்டு வீட்டுக்குத் திரும்புங்கள்.

அதிகபட்சத் துடிப்புக்கு 220-இலிருந்து வயதைக் கழிக்கும் சூத்திரம் வயதானவர்களுக்குக் குறைத்துக் காட்டும். 208-இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிப்பது மேல்; அறுபது வயதுக்கு 166. அதிலும் ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்பு முன்பின் இருக்கும். ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எந்தச் சூத்திரமும் பொருந்தாது, ஏனென்றால் மருந்தே துடிப்பை ஏற விடாது. மிதிக்கும் சக்தியை வாட்டில் அளக்கும் பவர் மீட்டர், அல்லது ஓட்டும்போது எத்தனை சொல் பேச முடிகிறது என்று பார்க்கும் பேச்சுச் சோதனைதான் அவர்களுக்கு வழி.

ஸ்பிரின்ட் பத்தே விநாடி. மணிக்கு 15 முதல் 20 கி.மீ. வேகத்தில் உருண்டுகொண்டிருக்கும்போது நடுத்தர கியரில் முழு பலத்தோடு. ஆறு முறை, ஒவ்வொன்றுக்கும் இடையே ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தைச் சோம்பல் என்று நினைத்து ஒரு நிமிடமாகக் குறைத்தால், தசையில் உடனடிச் சக்திக்கான சேமிப்பு நிரம்பாது. மூன்றாவதிலிருந்து அது ஸ்பிரின்டே இல்லை.

சுழற்சிக்கு மெதுவான நாட்களைப் பயன்படுத்தலாம். லேசான கியரில் ஒரு நிமிடம் 100 சுற்று, இரண்டு நிமிடம் வழக்கம்போல, ஆறு முறை. சில வாரத்தில் 110. இடுப்பு சீட்டில் குதித்தால் ஐந்து சுற்று குறைக்கவும். குறைத்தும் குதித்தால் சீட் உயரம் கூடுதலாக இருக்கலாம். இரண்டு மூன்று மில்லிமீட்டர் இறக்கிப் பாருங்கள். பலன் என்ன என்பதற்கு ஒரு கணக்கு: 200 வாட்டை 70 சுற்றில் கொடுக்க 27 நியூட்டன் மீட்டர் வேண்டும், 90 சுற்றில் 21 போதும். ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் தாங்க வேண்டிய சுமை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. மிதிகளின் எண்ணிக்கை கூடுவதை இதயம் ஏற்றுக்கொள்ளும்.

எந்தப் பந்தயத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதிலும் இயற்பியல் நம் பக்கம் இருக்கிறது. சமதளத்தில் காற்றை எதிர்க்கத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடியாக ஏறும் (வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு). ஆகவே சக்தி 10 சதவீதம் குறைந்தாலும் வேகம் மூன்றரை சதவீதம்தான் குறையும். மணிக்கு 35 கி.மீ.யில் ஓட்டியவர் 33.8-இல் ஓட்டுவார். மலையேற்றத்தில் அந்தப் பத்தும் கிட்டத்தட்ட அப்படியே இழப்பு. பிரிட்டனில் நாற்பது தாண்டியவர்களுக்கென்றே தனி டைம் ட்ரயல் (கடிகாரத்தை எதிர்த்துத் தனியாக ஓட்டும் பந்தயம்) சங்கம் இருக்கிறது. ஒவ்வொரு வயதுக்கும் ஒவ்வொரு தூரத்துக்கும் ஒரு நிர்ணய நேரம் வைத்து, அதை எவ்வளவு முந்தினீர்கள் என்று பார்த்தே இடம் தருகிறார்கள். எழுபது வயதுக்காரர் ஐம்பது வயதுக்காரரை நியாயமாக வெல்லக்கூடிய அருமையான ஏற்பாடு.

இழந்த அந்த மூன்றரை சதவீதத்தை உட்காரும் நிலையில் திரும்ப எடுக்கலாம், முதுகு அனுமதித்தால். குனிந்தால் தொடை வயிற்றில் இடிக்கிறது, இடுப்பு இறுகுகிறது என்பவர்கள் முதலில் ஹேண்டில்பாரை ஏற்றாமல் கிராங்கை மாற்றிப் பார்க்கட்டும். 170 மி.மீ. கிராங்கை 165 ஆக்கி, சீட்டை 5 மி.மீ. ஏற்றினால், பெடல் கீழே இருக்கும்போது கால் நீட்சி பழையபடியே இருக்கும்; மேலே வரும்போது பெடல், சீட்டைப் பொறுத்து, முன்பைவிட 10 மி.மீ. தாழ்வாக நிற்கும், முழங்காலும் அதற்கேற்பத் தாழும். இடுப்பு திறந்துகொள்ளும். சீட் ஏறியதால் ஹேண்டில்பார் 5 மி.மீ. தாழ்ந்ததுபோல் ஆகும். கழுத்து வலித்தால் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்முக்குக் கீழே 5 மி.மீ. ஸ்பேசர் (உயர்த்தும் வளையம்) ஒன்று.

எடைப் பயிற்சியை விரும்பாத சைக்கிள்காரர்கள் ஏராளம். ஆனால் சைக்கிள் எலும்புக்கு அதிர்வே தருவதில்லை. ஆண்டுக்கணக்கில் சைக்கிள் மட்டும் ஓட்டிய மூத்த வீரர்களிடம் முதுகெலும்பு, இடுப்பு அடர்த்தி குறைந்திருப்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம், ஒரு முறை விழுந்தால் இடுப்பு முறியும் வயது வேறு. ஸ்குவாட், டெட்லிஃப்ட் ஒவ்வொன்றும் ஐந்து வீதம் மூன்று செட். இன்னும் இரண்டு முறை தூக்க முடியும் என்கிற எடை. ஐம்பது தாண்டியவர்கள் எலும்பு அடர்த்தியைக் காட்டும் ஒரு டெக்ஸா ஸ்கேன் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

சாப்பாட்டில் கவனிக்க வேண்டியது புரதம் ஒன்றுதான். வயதான தசை சிறு அளவுப் புரதத்துக்கு அசைந்து கொடுப்பதில்லை. உடல் எடையில் கிலோவுக்கு 0.4 கிராம், அதுவும் ஒரே வேளையில் வேண்டும். 65 கிலோ ஆளுக்கு 26 கிராம். மூன்று இட்லியும் சாம்பாரும் அதில் பாதியைக்கூட எட்டாது. அதோடு இரண்டு முட்டையும் ஒரு டம்ளர் பாலும் சேர்த்தால் எட்டிவிடும். சைவர்களுக்கு நூறு கிராம் பனீர் 18 கிராம் தரும். 50 கிராம் கொண்டைக்கடலையை வேகவைத்த சுண்டல் 10 கிராம். ஒரே இரவு விருந்தில் மொத்தத்தையும் ஈடுகட்டுவது பலிக்காது.

இதயம் பற்றி ஒன்று. நெடுங்காலம் கடினமாக ஓட்டியவர்களுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் ஒழுங்கற்ற துடிப்பு வரும் வாய்ப்பு அதிகம். லேசாக ஓட்டும்போதே மீட்டர் திடீரென 200 காட்டினால் முதலில் துடிப்பை அளக்கும் நெஞ்சுப் பட்டையை நனைத்துப் பாருங்கள். காய்ந்த பட்டை பொய் சொல்லும். பிறகும் அப்படியே இருந்தால் இறங்கி மணிக்கட்டில் விரல் வைத்துப் பாருங்கள். தாளம் தப்பியிருந்தால் அன்றைய ஓட்டம் முடிந்தது, அடுத்து ஈ.சி.ஜி. நெஞ்சுவலி, தலைசுற்றல் வந்தால் பட்டையைப் பார்க்கும் வேலையே வேண்டாம், நேரே மருத்துவமனை.

சர்வதேச மாஸ்டர்ஸ் (மூத்தோர்) போட்டிக்குப் போகிறவர்கள் மாத்திரை டப்பாவையும் சரிபார்க்க வேண்டும். ஊக்கமருந்துச் சோதனை மூத்தோர் பிரிவுக்கும் உண்டு. ரத்த அழுத்த மாத்திரைகள் பலவற்றில் கலந்திருக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற நீர் பிரிக்கும் மருந்துகள் தடைப் பட்டியலில் இருக்கின்றன. இன்சுலினும் டெஸ்டோஸ்டிரோனும் அப்படியே. பீட்டா பிளாக்கருக்கு சைக்கிளில் தடை இல்லை. மெட்ஃபார்மினுக்கும் இல்லை. தடையுள்ள மருந்து தேவைப்படுகிறவர் மருத்துவ விலக்குக்கு விண்ணப்பிக்கலாம். பரிசோதனை அறிக்கைகளும் மருத்துவர் கடிதமும் இணைக்க வேண்டும், பதில் வரப் பல நாள் ஆகும். ஆகவே விமான டிக்கெட் போடும் முன்பே அதைத் தொடங்கிவிடுங்கள். அழுத்த மாத்திரைக்கு மாற்று உண்டா என்று மருத்துவரிடம் கேட்டால் பல சமயம் விண்ணப்பமே தேவைப்படாது.