ராசுவின் மழைக்காலம்: வேலந்தாவளம் நாட்குறிப்பு

மே 25, 2025

தென்மேற்குப் பருவமழை நேற்றே கேரளத்தைத் தொட்டுவிட்டது. 2009-க்குப் பிறகு இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை என்று வானொலியில் சொன்னார்கள். பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கும் எங்களுக்கு மேற்கே பெய்வதில் பாதிகூடக் கிடைக்காது. ஆனாலும் காற்று திரும்பிவிட்டது. கணவாய் வழியாக மேற்கிலிருந்து வீசும் காற்றில் தென்னை மட்டைகள் இரவெல்லாம் விழுந்துகொண்டிருந்தன.

ராசுவின் இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியாட்டினின் என்ற கழிவின் அளவு 5.4. நல்ல நிலையில் இருக்கும் நாய்க்கு இது ஒன்றரைக்குள் இருக்க வேண்டும். சில வாரங்களாக அவன் தொட்டித் தண்ணீரை ஓயாமல் குடித்ததற்கும், இரவில் இரண்டு மூன்று முறை கதவைப் பிறாண்டியதற்கும் காரணம் தெரிந்துவிட்டது. டாக்டரம்மா மலையாளம் கலந்த தமிழில் நிதானமாக விளக்கினார்: சிறுநீரகத்தின் வேலைத்திறனில் முக்கால் பங்கு போன பிறகுதான் இந்த எண்ணே ஏறத் தொடங்குமாம். போனது திரும்பாது. மீதியை வைத்து எவ்வளவு நாள் நிம்மதியாக ஓட்டலாம் என்பதுதான் இனி நம் கையில் இருக்கிறது என்றார்.

ராசு எங்களிடம் பிறந்து வளர்ந்தவன் அல்ல. சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம், புளியமரத்தடியில் யாரோ காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போன லாப்ரடார். கழுத்தில் பட்டை அழுத்திய தடம் அப்படியே இருந்தது. அப்போதே முகவாய் நரைத்திருந்தது. கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து வருகிற ஒவ்வொரு காருக்கும் எழுந்து நின்று பார்ப்பான், பிறகு உட்கார்ந்துகொள்வான். டீக்கடைக்காரர் பன் வாங்கிப் போட்டும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. என் வீட்டுக்காரர் நாள்தோறும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, கடைசியில் ஒருநாள் மொபெட்டின் கால்வைக்கும் இடத்தில் ஏற்றிக்கொண்டு வந்தார். பழைய பெயர் என்னவென்று தெரியாததால் ஊரில் உள்ள பெயர்களையெல்லாம் சொல்லிப் பார்த்தோம். ராசு என்றதும் காது அசைந்தது.

மே 28

இன்றுமுதல் சமையல் மாறுகிறது. எலும்பு, ஈரல், கருவாடு எதுவும் கூடாது. பாஸ்பரஸ் குறைவாக இருக்க வேண்டும் என்பதால் முட்டையில் வெள்ளைக்கரு மட்டும். அதோடு குழைந்த சோறு, வேகவைத்த அரசாணிக்காய், ஒரு சொட்டு நெய். எங்கள் இன்னொரு நாய் செம்பிக்கு மஞ்சள்கரு லாபம்.

மாலையில் முதல் முறையாக வீட்டிலேயே திரவம் ஏற்றினோம். ரிங்கர் லாக்டேட் என்ற உப்புநீர்த் திரவப் பாட்டிலை வெந்நீரில் வைத்து உடல் சூட்டுக்குக் கொண்டுவந்து, திண்ணை விட்டத்தில் இருக்கும் தொட்டில் கொக்கியில் தொங்கவிட்டோம். நரம்பைத் தேட வேண்டியதில்லை. இரண்டு தோள்களுக்கும் நடுவே தோலைச் சிறு கூடாரம் போலத் தூக்கிப் பிடித்து, அதன் அடிவாரத்தில் ஊசியைச் செலுத்தினால் போதும். தோலுக்கடியில் திரவம் திரண்டு பெரிய வீக்கமாகத் தெரியும். மெதுவாக முன்னங்கால் பக்கம் சரியும். சில மணி நேரத்தில் உடல் அதை உறிஞ்சிக்கொள்ளும். முதல் குத்துக்கு மட்டும் தோலைச் சிலிர்த்தான். பிறகு என் முழங்காலில் முகவாயை வைத்துக்கொண்டு பாட்டில் முடியும்வரை தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். செம்பி சற்றுத் தள்ளி உட்கார்ந்து குழாயையே முறைத்தாள்.

ஜூன் 8

பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா வந்தார். விட்டத்துப் பாட்டிலைப் பார்த்துவிட்டு, “அம்மிணி, போகப்போகிற உயிருக்கு இத்தனை ஊசி எதற்கு? நல்ல குட்டியாக ஒன்று பிடித்து வளர்க்கலாமே” என்றார்.

அவர் ஈரமில்லாதவர் அல்ல. உழவுக்கு ஆகாமல் போன காளையை அடிமாட்டுக்கு அனுப்பாமல் கடைசிவரை கட்டுத்தறியில் வைத்துத் தீனி போட்டவர். “உங்கள் மயிலையை வைத்துப் பார்த்தீர்களே பெரியப்பா, அதுதான் இதுவும்” என்றேன். “அது உழைத்த மாடு” என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, போகும்போது ராசுவின் தலையைத் தடவிவிட்டுத்தான் போனார்.

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. தத்தெடுக்க வருகிறவர்கள் எல்லோரும் குட்டிதான் கேட்கிறார்கள். வயதான நாய் செருப்பைக் கடிக்காது, நடுக்கூடத்தை நனைக்காது, மனிதர்களை முன்பே படித்து வைத்திருக்கும். அதற்கு வேண்டியது மெத்தென்ற சாக்கும் பக்கத்தில் ஓர் ஆளும்தான். அதைக் கொடுக்கத்தான் ஆள் இல்லை. பிரிவைத் தாங்க முடியாது என்று நாயே வளர்க்காதவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வளர்த்துவிட்டு, வயதானதும் பிரிவைத் தாங்க முடியவில்லை என்று எல்லை தாண்டி இறக்கிவிட்டுப் போகிறவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஊசி போடும் அறைக்குள் வராமல் வெளியே நின்றுகொள்கிறவர்களையும்தான். அந்த நேரத்தில் நாய் தன் ஆளைத் தேடித் திரும்பித் திரும்பிப் பார்க்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்.

ஜூன் 21

நல்ல நாள். தட்டை வழித்து நக்கினான். ஆழியாற்றுத் தண்ணீர் வரும் வாய்க்கால்வரை தானாக நடந்தான். வாலும் கூடவே வந்தது.

ஜூலை 7

நேற்று விலங்குகளிடமிருந்து பரவும் நோய்களுக்கான உலக நாள். 1885 ஜூலை 6 அன்று லூயி பாஸ்டர் வெறிநாய் கடித்த ஒரு சிறுவனுக்கு முதன்முதலாகத் தடுப்பூசி கொடுத்துக் காப்பாற்றியதன் நினைவாக வந்தது. இன்று காலை எங்கள் தமிழ்ப் பள்ளி அசெம்பிளியில் நான் பேசினேன்.

பிள்ளைகள் பயந்துபோய் இருக்கிறார்கள். ஏப்ரல் கடைசியிலும் மே முதல் வாரத்திலும், தடுப்பூசி போட்ட பிறகும் கேரளத்தில் குழந்தைகள் வெறிநோயால் இறந்த செய்தியை எல்லா வீடுகளிலும் பேசினார்கள். தலையிலும் முகத்திலும் கடித்தால் கிருமி மூளைக்கு எட்டும் தூரம் குறைவு. அதனால் தாமதமே கூடாது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்கக்கூடாது. உடனே மருத்துவமனை. ஆழமான கடி என்றால் காயத்தைச் சுற்றிச் சீரம் என்ற நோய் எதிர்ப்பு மருந்தும் போட வேண்டும். ஊசியை 0, 3, 7, 28-ஆம் நாள் என்ற கணக்கில் முடிக்க வேண்டும். “கீறல்தானே என்று வீட்டில் சொல்லாமல் மறைக்கக்கூடாது” என்பதை மூன்று முறை சொல்ல வைத்தேன்.

“டீச்சர் வீட்டில் நாய் இருக்கிறதே, பயமில்லையா?” என்று நாலாம் வகுப்புப் பையன் கேட்டான். இருவருக்கும் ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி உண்டு, பஞ்சாயத்து உரிமம் உண்டு, செம்பிக்குக் கருத்தடை செய்து காது ஓரத்தில் நறுக்கிய அடையாளமும் உண்டு என்று சொன்னேன். நாய்மேல் அன்பு வைத்தவர்கள்தான் வெறிநோயைப் பற்றி அதிகமாகப் பேச வேண்டும். தடுப்பூசி போடாமல் “என் செல்லம் கடிக்காது” என்பவர்களால்தான் தெருநாய்மேல் கல் விழுகிறது.

ஜூலை 19

மூன்று நாளாக வாந்தி. வாயில் புண் வந்துவிட்டது. மூச்சில் அமோனியா நெடி. இரத்தத்தில் யூரியா கூடுவதால் வருவது. ஈறுகள் வெளுத்திருக்கின்றன. வாந்தியை நிறுத்த ஊசி போட்டார்கள், ஒரு வேளை கஞ்சி குடித்தான், அவ்வளவுதான்.

நோய் தெரிந்த வாரமே காலண்டரின் பின்பக்கத்தில் மூன்று வரி எழுதி வைத்திருந்தேன். தானாக விரும்பிச் சாப்பிடுகிறானா. மொபெட் சத்தம் கேட்டதும் எழுந்து கேட்டுக்குப் போகிறானா. செம்பியோடு முதுகு ஒட்டிப் படுக்கிறானா. இந்த மூன்றில் இரண்டு நின்றுவிட்டால் இழுக்கக்கூடாது என்று அன்றே தீர்மானித்தோம். மனம் தெளிவாக இருக்கும்போது எழுதி வைத்தால்தான், கலங்கும்போது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள முடியாது.

இப்படி யோசிக்க வைத்தவன் எங்கள் முதல் நாய் மணி. டிஸ்டெம்பர் நோய் மூளைக்கு ஏறி, விடியும்வரை வலிப்பு. ஞாயிற்றுக்கிழமை இரவு, ஆள் கிடைக்காத ஊர். அந்த இரவை இன்னோர் உயிருக்கு நான் கொடுக்க மாட்டேன்.

இன்று மொபெட் வந்தது. தலையை மட்டும் தூக்கினான்.

ஜூலை 22

செம்பி பக்கத்தில் வந்தால் எழுந்து வேறு இடம் போகிறான். டாக்டரம்மாவிடம் பேசினேன். நாளை மாலை வேலை முடிந்ததும் வீட்டுக்கே வருவதாகச் சொன்னார். அவனுக்கு மருத்துவமனை வாடை பிடிக்காது.

கொழுந்தனார் மகள் பாப்பா ஏழு வயதுக்காரி. “பெரியம்மா, ராசுவுக்கு ஊசி போட்டால் சரியாகிவிடுமா?” என்று கேட்டாள். தூங்க வைக்கப் போகிறோம் என்று சொல்லச் சொன்னார்கள். அப்படிச் சொன்னால் அவள் இரவில் தூங்கவே பயப்படுவாள். ஓடிப்போய்விட்டான் என்றால் தெருத்தெருவாகத் தேடுவாள். “சரியாகாது கண்ணு. அவன் உடம்பு நின்றுபோகப் போகிறது. வலிக்காமல் நிற்பதற்குத்தான் ஊசி” என்றேன். அழுதாள். பிறகு, நாளைக்கு ராசுவுக்கு வறுக்கி கொடுக்கலாமா என்று கேட்டாள். கொடுக்கலாம். இனி எந்தப் பத்தியமும் இல்லை.

ஜூலை 23

பகலில் நானும் விடுப்பு எடுத்துக்கொண்டேன். வறுக்கியை நக்கினான், கடிக்கவில்லை. என் வீட்டுக்காரர் அவனை ஈரத்துணியால் துடைத்துவிட்டார். திண்ணையில் அவனுடைய சாக்கிலேயே படுக்க வைத்தோம். காற்று இருந்தது, மழை இல்லை.

டாக்டரம்மா முதலிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். முதலில் மயக்க ஊசி தசையில். நன்றாக ஆழ்ந்த பிறகு, முன்னங்கால் நரம்பில் மயக்க மருந்தையே அளவு கூட்டி. முதலில் நினைவு முழுவதுமாகப் போய், பிறகு மூச்சும் இதயமும் நிற்கும். கண் மூடாது. நின்ற பிறகும் ஒரு பெருமூச்சோ தசைத் துடிப்போ வரலாம், அது வலி அல்ல, பயப்படக்கூடாது. இதை முன்பே சொல்லாவிட்டால் நான் என்னவெல்லாம் நினைத்திருப்பேனோ.

நான் தலைப்பக்கம். அவர் வயிற்றில் கை வைத்திருந்தார். “ராசு, ராசு” என்று மட்டும்தான் சொல்ல வந்தது. காது அசைந்தது. ஊசி முடிவதற்கு முன்பே நின்றுவிட்டது. டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பை வெகுநேரம் வைத்துக் கேட்டுவிட்டு, “போயி” என்றார்.

செம்பியை அவிழ்த்துவிட்டோம். கூடவே இருந்த நாய்க்கு உடலைக் காட்ட வேண்டும் என்பது என் அனுபவம். முன்பு எங்களிடம் இருந்த நாய் கருப்பன் உண்ணிக் காய்ச்சலில் மருத்துவமனையில் இறந்து, அங்கிருந்தே தோப்புக்குக் கொண்டுபோனபோது, அதைப் பார்க்காத செம்பி மாதக்கணக்கில் கேட்டில் காத்திருந்தாள். இப்போது வந்து முகத்தை முகர்ந்தாள், காதை முகர்ந்தாள், ஊசி போட்ட இடத்தை ஒரு முறை நக்கினாள். பிறகு தன் இடத்துக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

கிணற்றிலிருந்து தள்ளி, தோப்பின் மேற்கு மூலையில் குழி. அந்த மருந்து உடலில் தங்கியிருக்கும், தோண்டித் தின்னும் பிராணி எதுவானாலும் செத்துப்போகலாம், ஆழமாக வெட்டுங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். பெரியப்பாவே மண்வெட்டியோடு வந்து இடுப்பளவுக்கு மேல் வெட்டினார். உழைத்த மாடு என்ற பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

ஜூலை 24

ஆடி அமாவாசை. அத்தை முன்னோர்களுக்குப் படையல் போட்டார். காக்கைக்கு வைத்த பிறகு, ஒரு கைப்பிடிச் சோற்றைத் தோப்புக்கு எடுத்துக்கொண்டு போனார். நாயை வாசலோடு வைத்துக்கொள் என்று இத்தனை வருடம் சொன்னவர். நான் ஒன்றும் கேட்கவில்லை.

குழிமேல் கல் வைக்கலாமா என்று பாப்பா கேட்டாள். அவளுக்கு எடுத்தனூர் நடுகல்லைப் பற்றிச் சொன்னேன். திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு, பல்லவன் மகேந்திரவர்மன் காலம். கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவனுடைய நாயையும் செதுக்கி, கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். பெயர் சொல்லி நாய்க்குக் கல்லெழுத்து வைத்த ஊர் நம்முடையது. “ராசு யாரையும் கடிக்கவில்லையே” என்றாள். கடிக்காதவனுக்கும் வைக்கலாம் என்று வாய்க்கால் கல் ஒன்றைத் தூக்கி வந்தோம்.

ஆகஸ்ட் 23

டெல்லித் தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன 11-ஆம் தேதி உத்தரவை உச்ச நீதிமன்றம் நேற்று மாற்றியிருக்கிறது. கருத்தடையும் தடுப்பூசியும் முடித்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும், வெறிநோய் உள்ளவை, மூர்க்கமானவை தவிர. ஆசிரியர் அறையில் பெரிய வாக்குவாதம். கடிபட்ட குழந்தையின் தாய் கேட்பதிலும் நியாயம் உண்டு. ஆனால் தெருவில் நிற்கும் நாய்களில் ராசு மாதிரி வீட்டிலிருந்து இறக்கிவிடப்பட்டவையும் இருக்கின்றன. அவற்றை இறக்கிவிட்ட கைகளைப் பற்றி யாருமே பேசவில்லை.

செம்பி சாப்பிடுகிறாள். ராசுவின் சாக்கில் மட்டும் படுப்பதில்லை. துவைத்து எடுத்து வைக்கலாமா என்றார் அவர். இருக்கட்டும் என்றேன்.

செப்டம்பர் 8

ஓண விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு பெண், டாக்டரம்மா அனுப்பியதாகச் சொல்லி வந்தாள். அவளுடைய தத்து நாய்க்கும் சிறுநீரகம். கிரியாட்டினின் 3.8, இன்னும் சாப்பிடுகிறதாம். மிச்சமிருந்த ரிங்கர் பாட்டில்கள், பிரிக்காத ஊசிகள், குழாய் எல்லாவற்றையும் பையில் போட்டுக் கொடுத்தேன். அலமாரியில் அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு அடைத்தது. இன்று எடுத்துக் கொடுக்கும்போது அப்படி இல்லை.

ஊசி குத்தக் கை நடுங்குகிறது என்றாள். நாளை சாயங்காலம் பள்ளி விட்டதும் நான் அவள் வீட்டுக்குப் போகிறேன். பாட்டிலை நான் வருவதற்குள் வெந்நீரில் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். காலண்டரின் பின்பக்கத்தில் மூன்று வரி எழுதவும்.