மைனஸ் 14இல் எங்கட பொங்கல்

கனடாவில், ஸ்காபரோவில் இன்று காலை மைனஸ் 14. முற்றம் முழுக்கப் பனி. கராஜ் கதவைத் திறந்து, வாசலிலேயே காஸ் அடுப்பை வைத்தோம். சின்னவள் கையுறையோடு கோலம் போட்டாள். மாவு அங்கங்கே கொட்டுப்பட்டாலும் எனக்கு அது வடிவாகத்தான் தெரிந்தது.

காற்றுக்கு அடுப்பு அணைந்துகொண்டே இருந்தது. அம்மா ஒரு காட்போட் மட்டையைப் பிடித்து மறைத்தபடி அசையாமல் நின்றா. இங்கே ஜனவரியில் சூரியன் எழும்ப ஏழே முக்கால் தாண்டிவிடும். கூரைகளுக்கு மேலால் வெளிச்சம் பட்ட நேரம் பார்த்துப் பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. "பொங்கலோ பொங்கல்!" சின்னவளின் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரரும் கதவைத் திறந்து பார்த்துக் கை காட்டினார். அவருக்கும் ஒரு கிண்ணம் போனது.

உடனே பெரியம்மாவுக்கு வீடியோ கால். யாழ்ப்பாணத்தில் அப்போது பின்னேரம் ஆறரை. "நாங்கள் விடியவே பொங்கியாச்சு, உங்கட பானையைக் காட்டு பிள்ளை" என்றா. அம்மா போனைப் பானைக்குக் கிட்டப் பிடித்தா. ஆவியில் திரை மூடிவிட்டது. இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை.

2016இல் கனடா நாடாளுமன்றம் ஜனவரியைத் தமிழ் மரபுரிமை மாதமாக ஏற்றது. அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அம்மா மட்டை பிடித்து நின்ற அந்தப் பத்து நிமிடம்தான் எனக்கு இந்தத் தைப்பொங்கல்.

எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.